சொன்னது, இறங்கியது

பேனாவை மூடி வையுங்கள் மேடம். கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லவில்லை. போடுவதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் உங்களைப் பத்தரைக்கு வரச் சொன்னேன். வீட்டுக்காரி பத்தே காலுக்கு மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போனால் பன்னிரண்டுக்குத்தான் திரும்புவாள். அவளுக்கு இது தெரியாது. யாருக்குமே தெரியாது. இல்லை, அது தவறு. இரண்டு பேருக்குத் தெரியும். ஒன்று நான்.

உங்கள் தாளில் என்ன எழுதியிருக்கிறது? ‘மேற்கண்ட பதிவேடுகளில் உள்ள விவரங்கள் யாவும் என் கையால் எழுதப்பட்டவை, உண்மையானவை.’ என் கையால் எழுதியவைதான். நாற்பத்தொரு நோட்டு. எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, மொத்தம் பதினோராயிரம் வரி என்றீர்கள். பதினோராயிரத்து முந்நூற்றுப் பதினாறு. அதில் பதினோராயிரத்து முந்நூற்றுப் பதினைந்து உண்மை.

போன வாரம் புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு வரியைப் பற்றிக் கேட்டீர்கள். ஞாபகமில்லை என்றேன். அதுவும் பொய். அந்த நோட்டுகளில் எனக்கு ஞாபகமில்லாத வரிகள் நிறைய உண்டு, அந்த வரி அதில் சேராது.

முதலிலிருந்து வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தெரியாததற்கு அந்த வழியாகத்தான் எனக்குப் போகத் தெரியும். இந்த ஃபேன் சத்தம் தொந்தரவாக இருக்கிறதா? எனக்குச் சத்தமாகப் பேச வராது. இருபத்தேழு வருஷம் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பேசினேன். அது பேச்சில் சேராது.

மலை ரோடும் டவுன் ரோடும் பிரிகிற ஆலாங்காட்டுப் பிரிவு ஸ்டாண்டில் நான் டைம் கீப்பர். காலையில் தேன்கரட்டு மலையிலிருந்து ஒரு பஸ் எட்டு ஐந்துக்கு இறங்கும். எட்டுப் பத்துக்கு டவுன் வண்டி புறப்படும். மலை ஜனம் இறங்கி அதில் ஏறிக்கொள்ள வேண்டும். அதை விட்டால் அடுத்த வண்டி பத்து இருபதுக்கு. நூற்று முப்பது நிமிஷம். மலை வண்டி நேரத்துக்கு வந்தால் ஒரு கேள்வியும் இல்லை. வராவிட்டால்? டவுன் வண்டிக்குள் நாற்பது பேர் உட்கார்ந்து வாட்ச்சைப் பார்க்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகிறவர் இருப்பார், மில் ஷிப்டுக்குப் போகிறவர் இருப்பார். மலை வண்டி எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. பதினான்கு வளைவு. மூங்கில் லாரி ஒன்று திரும்ப முடியாமல் நின்றால் இருபது நிமிஷம். யானை நின்றால் அதற்குக் கணக்கே கிடையாது. நிறுத்துவதா, அனுப்புவதா?

எனக்கு முன்னால் இருந்த டைம் கீப்பர், கோபம் வந்தால் விசில் அடித்து அனுப்பிவிடுவார், கோபம் வராவிட்டால் நிறுத்தி வைப்பார். அது எனக்குச் சரிப்படவில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஆனால் பெருக்கவும் வகுக்கவும் வரும். நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் உள்ளே இருப்பவர்களுக்கு நஷ்டம், நாற்பது பேர் இருந்தால் நிமிஷத்துக்கு நாற்பது. விட்டுவிட்டுப் போனால் வருகிறவர்களுக்கு நஷ்டம், தலைக்கு நூற்று முப்பது. இந்த நஷ்டமும் அந்த நஷ்டமும் சமமாகும் வரைக்கும் நிறுத்து. சமமானதும் அனுப்பு. அவ்வளவுதான் என் கணக்கு.

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். உங்கள் பாடத்தில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது என்றீர்கள். பின்னால் வரப்போவது தெரியாமல் இப்படி முடிவு செய்கிறவன், எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவன் படுகிற நஷ்டத்தைப் போல இரண்டு பங்குக்கு மேல் படமாட்டான் என்று இந்த மேஜையில் வைத்துத்தான் போட்டுக் காட்டினீர்கள். வண்டியை எத்தனை நிமிஷம் நிறுத்தலாம் என்று சொல்ல உங்கள் காலேஜ் செய்கிற கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு என் பெயரை வைக்கப்போவதாகவும் வெள்ளிக்கிழமை விழாவில் சால்வை போடப்போவதாகவும் சொன்னீர்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில் என்று வீட்டுக்காரி நினைத்துக்கொண்டாள்.

சரி. கணக்குப் போட ஆள் எண்ணிக்கை வேண்டும் இல்லையா? மலைப் பாதையில் போன் செய்ய முடிகிற இடம் ஒன்றே ஒன்று, வனத்துறை செக்போஸ்ட். அங்கே நிறுத்தி, கண்டக்டர் எனக்குப் போன் செய்து ‘டவுனுக்கு இத்தனை பேர்’ என்று சொல்ல வேண்டும். நான் சிலேட்டில் எழுதிக்கொள்வேன். மலை வண்டி வந்ததும், இறங்கி டவுன் வண்டிப் பக்கம் வருகிற தலைகளை எண்ணுவேன். பிறகு இரண்டையும் நோட்டில் ஏற்றுவேன். ஆபீஸ் கொடுத்த நோட்டில் வந்த நேரம், போன நேரம் இரண்டுக்குத்தான் கட்டம். நானாகப் பென்சிலால் கோடு போட்டு இன்னும் இரண்டு கட்டம் சேர்த்தேன். ‘சொன்னது’, ‘இறங்கியது’.

மூன்று மாதத்தில் கண்டக்டர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆள் கூடினால் வண்டி நிற்கும். மாரப்பன் என்று ஒருவன். “டவுனுக்குப் பன்னண்டுங்கண்ணா” என்பான். இறங்குவது ஐந்து. “மீதி ஏழு எங்கப்பா?” என்று கேட்டால், “பொறத்தால நடந்து வருதுங்கண்ணா” என்பான். ஒருநாள் மூன்று ஆட்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். “ஆடும் டவுனுக்குத்தானுங்களே போகுது? அதுக்கும் நேரமாகுமல்ல?” என்றான்.

நான் சண்டை போடுகிறவன் இல்லை. ஒரு வருஷத்துச் ‘சொன்னது’ எல்லாவற்றையும் கூட்டினேன், ‘இறங்கியது’ எல்லாவற்றையும் கூட்டினேன். கிட்டத்தட்டப் பாதி. அன்றிலிருந்து யார் எத்தனை சொன்னாலும் அதைப் பாதியாக்கி, அரை வந்தால் தள்ளிவிட்டு, அதை வைத்துத்தான் நிறுத்தினேன். வெளியே சொல்லவில்லை. ஆனால் ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும். நோட்டில் மட்டும் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். யார் சொன்னாலும் பாதி. அதில் நான் ஆள் பார்க்கவில்லை மேடம். அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

தவமணி அந்தத் தடத்துக்கு வந்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம். அவள் வீட்டுக்காரர் எங்கள் டிப்போவில் டிரைவர். நெஞ்சுவலியில் போய்விட்டார். வாரிசு வேலையில் இவளுக்குக் கண்டக்டர் பை கொடுத்தார்கள். டிப்போவில் அப்போது பெண் கண்டக்டர் இரண்டே பேர். மழைக்காலம் ஆனதால் மலை வண்டி தினமும் தாமதம், தினமும் போன். “ஆறுங்க சார். ஏழாவதா ஒருத்தரு, பிரிவுலயே எறங்கினாலும் எறங்குவேங்கறாரு, அவர நான் சேத்தலீங்க” என்பாள். பிறகு, “திருப்பிச் சொல்லுங்க சார்” என்பாள். “ஆறு” என்பேன். வைத்துவிடுவாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

நீங்கள் கேட்ட வரிக்குரிய அந்தத் திங்கட்கிழமை. ஏழு ஐம்பதுக்குப் போன் வந்தது. “ஒம்போதுங்க சார். எட்டுப் பேரு பொம்பளப் புள்ளைங்க, ஒருத்தரு அதுல ஒரு புள்ளையோட அப்பா. நர்ஸ் படிப்புக்கு சர்ட்டிபிகேட் பாக்கறாங்களாம். பத்து மணிக்குள்ள டவுன்ல இருக்கோணுமாம், இன்னிக்கு ஒரு நாள்தானாம். திருப்பிச் சொல்லுங்க சார்.”

“ஒன்பது” என்றேன்.

“வண்டி நிக்கும்னு அவங்ககிட்டச் சொல்லீட்டேனுங்க.”

செக்போஸ்ட்டிலிருந்து இருபது நிமிஷப் பாதை. எட்டுப் பத்தாயிற்று, மலை வண்டி வரவில்லை. டவுன் வண்டியில் எண்ணினேன். நாற்பத்தாறு பேர். ஒன்பது பேர் என்றால் ஒன்பது நூற்று முப்பது, ஆயிரத்து நூற்று எழுபது. நாற்பத்தாறால் வகுத்தால் இருபத்தைந்து நிமிஷம். பாதியாக்கினால் நாலு. நாலு நூற்று முப்பது, ஐந்நூற்று இருபது. நாற்பத்தாறால் வகுத்தால் பதினொன்று. எட்டு இருபத்தொன்றுக்கு அனுப்பினேன்.

மலை வண்டி எட்டு இருபத்தாறுக்கு வந்தது. ஆறாவது வளைவில் மூங்கில் லாரி.

இறங்கியவர்களை எண்ணினேன். பிளாஸ்டிக் கவரில் சர்ட்டிபிகேட்டை வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். எட்டு. பின்னால் அந்தத் தகப்பன். ஒன்பது. வண்டி நிற்கிற இடம் காலியாக இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்கள். “போயிருச்சுங்களா?” என்றார் அவர். “போயிருச்சு” என்றேன். மைக்கில் சொல்வது போலத்தான் வந்தது. ஒரு பிள்ளை மட்டும் உட்கார்ந்து அழுதது, மற்றவை சும்மா நின்றன. ஜீப் ஏதாவது கிடைக்குமா என்று தவமணி ரோட்டில் நின்று கையைக் காட்டினாள். எதுவும் நிற்கவில்லை. பத்து இருபது வண்டியில்தான் போனார்கள். கவுண்டரை மூடியாயிற்று, அடுத்த வருஷம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எட்டில் மூன்று பேர் அடுத்த வருஷம் போனார்கள். ஐந்து பேர் போகவில்லை. விசாரித்து வைத்திருக்கிறேன்.

அந்தத் தகப்பன் என் அறை வாசலில் வந்து நின்று, “உங்க பேரு என்னங்க? அந்தக் கண்டக்டரம்மா பேரு என்னங்க?” என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவர் போன பிறகு நோட்டைத் திறந்தேன். சிலேட்டில் ஒன்பது இருந்தது. அதை அப்படியே ஏற்றினால், ஒன்பது பேருக்குப் பதினோரு நிமிஷம்தானா நின்றாய் என்று கேட்பார்கள். பாதியாக்குவது என் வழக்கம், ஆபீஸ் விதி இல்லை. ‘சொன்னது’ கட்டத்தில் நாலு என்று எழுதினேன். ‘இறங்கியது’ ஒன்பது. நாலு பேருக்குப் பதினோரு நிமிஷம் சரியாகப் பொருந்தியது. அடிக்காமல், திருத்தாமல் ஒரே தடவையில் எழுதினேன். அதுதான் எனக்கு இப்போதும் புரியவில்லை.

சிலேட்டைத் துடைக்கத் திரும்பினேன். தவமணி ஜன்னலுக்கு வெளியே நின்று சிலேட்டையும் நோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே திரும்பிப் போய்விட்டாள். தெரிந்த இரண்டாவது ஆள் அவள்.

விசாரணை நடந்தது. டிப்போ மேனேஜர் அறையில் அவள் சொன்னாள்: “நான் ஒம்போதுன்னுதான் சொன்னேனுங்க. சாரே திருப்பிச் சொன்னாரு. கேளுங்க.” மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். “நோட்டுல நாலுன்னு இருக்குதுங்க” என்றேன். அவள் நாலு என்று சொன்னதாக நான் சொல்லவில்லை மேடம். நோட்டில் இருந்ததைத்தான் வாசித்தேன். அந்த அளவில் வாயால் பொய் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போதுதான் அது எப்படி இருக்கிறது என்று தெரிகிறது.

“நாச்சிமுத்து நோட்டுல இருந்தா அதுக்கு மேல சாட்சி எதுக்கு?” என்றார் மேனேஜர். அவள் பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. ‘பயணிகள் எண்ணிக்கையைத் தவறாகத் தெரிவித்துப் பொதுமக்களுக்கு இடையூறு விளைவித்தவர்.’

பதினோரு வருஷம். விசாரணை அதிகாரி மூன்று பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள் செருப்பை மாட்டுகிற நேரத்தில் கேட்டுவிட்டீர்கள். “முதல் வருஷத்துக்கு அப்புறம் எல்லா வரியிலயும் சொன்னதுல பாதிக்குத்தான் நின்னிருக்கீங்க. இந்த ஒரு வரியில மட்டும் சொன்ன முழு எண்ணுக்கும் நின்னிருக்கீங்க. அன்னிக்கு மட்டும் ஏன் அவங்கள முழுசா நம்பினீங்க?” தண்ணீர் குடிக்கிறேன், இருங்கள்.

அவளுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டது. பதினான்கு வளைவுக்கும் நின்றுகொண்டே டிக்கெட் கொடுக்க முடியவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டு மூன்று தடவை எழுதினாள். மூன்று தடவையும் அந்த ஒரு வரியைக் காட்டித் திருப்பிவிட்டார்கள். இந்த மாதம் இருபதாம் தேதி லிஸ்ட் போடுகிறார்கள். ஐம்பது ஆகிவிட்டால் கேட்கவே முடியாது, இதுதான் கடைசி. இன்றைக்குப் பதினேழு. அவள் கேட்டிருக்கிற இடம் எது தெரியுமா? ஆலாங்காட்டுப் பிரிவு டைம் கீப்பர். உங்கள் புரோகிராம் நிமிஷத்தைச் சொல்லும், தலையை எண்ண ஓர் ஆள் வேண்டும் அல்லவா? எண்ணிக்கை தவறாகச் சொன்னவளை அங்கே உட்கார வைப்பார்களா?

நான் சும்மா இருக்கவில்லை. ரிட்டயர் ஆன பிறகு ஒரு கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் வண்டியில் போனேன். கொடுத்துவிடலாம் என்று. அவள் வந்து, “எங்கீங்க?” என்றாள், ‘சார்’ இல்லாமல். “தேன்கரடு ஒண்ணு” என்றேன். கிழித்துக் கொடுத்தாள். மலைக்குப் போய், டீ குடித்து, அதே வண்டியில் திரும்பி வந்தேன். இப்படி ஏழு தடவை. ஏழாவது தடவை பிரிவில் நான் இறங்கப் படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து சொன்னாள்: “ஏழு தடவை வந்துட்டீங்க. மேல உங்களுக்கு ஒரு சோலியும் இல்ல, யாரையும் பாக்கறதும் இல்ல. சொல்ல வந்ததச் சொல்லீட்டு எறங்குங்க. ரெண்டு நிமிஷம் வண்டி நிக்கட்டும், நான் பாத்துக்கறேன்.”

பார்த்தீர்களா, அவளும் எண்ணியிருக்கிறாள்.

வண்டிக்குள் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அவள் விசில் அடித்தாள். அது போன வருஷம் மாசியில்.

இதோ அந்தக் கடிதம். மடிப்பில் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரியுங்கள். ‘தவமணி ஒன்பது என்று சொன்னார். நான் நாலு என்று எழுதினேன். இது வேலைப் பளுவால் நேர்ந்த எழுத்துப் பிழை.’

என்ன சொல்கிறீர்கள்? ஆமாம், பதினோராயிரத்தில் ஒரு வரியால் உங்கள் புரோகிராமுக்கு ஒரு குறையும் வராது. அது எனக்கும் தெரியும். நான் சொல்வது புரோகிராமுக்காக இல்லை.

ஆனால் அடுத்ததாகக் கேட்டீர்களே, அது. ‘எல்லாருக்கும் பாதி என்பதுதான் உங்கள் வழக்கம், அவளுக்கும் பாதி போட்டீர்கள், எழுதியது தப்பு, அனுப்பியது தப்பில்லையே?’ நீங்கள் எனக்கு ஆறுதலாகச் சொல்கிறீர்கள். நல்ல மனசு. அதை அப்படியே எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடலாம். பன்னிரண்டு ஆக இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருக்கிறது.

இல்லை மேடம். நடுவில் கொஞ்சம் விட்டுவிட்டேன். எட்டுப் பத்துக்கும் எட்டு இருபத்தொன்றுக்கும் நடுவில்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் தவமணி எனக்குப் பதினெட்டு தடவை போன் செய்திருந்தாள். பதினெட்டும் சரி. சொன்னது ஆறு, இறங்கியது ஆறு. சொன்னது மூன்று, இறங்கியது மூன்று. ஒரு தலை கூடவில்லை, ஒரு தலை குறையவில்லை. நீங்களே நோட்டில் பார்க்கலாம். என் வேலையில் அப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு கட்டத்திலும் ஒரே எண்ணை எழுதும்போது எனக்கு உள்ளே ஒரு மாதிரி நிறைவாக இருக்கும். வேறு ஒன்றும் இல்லை மேடம். தப்பாக நினைக்காதீர்கள். எண்ணுகிறவனுக்கு இன்னொரு எண்ணுகிற ஆள் கிடைத்தது போல. அவ்வளவுதான். அவள் சொன்னதைப் பாதியாக்குவது நியாயமில்லை என்று ஞாயிற்றுக்கிழமையே முடிவு செய்துவிட்டேன். திங்கள் முதல் அவளுக்கு முழுசு.

அதனால் எட்டுப் பத்துக்கு டவுன் வண்டி டிரைவர், சென்னிமலை என்று பெயர், என்னிடம் வந்து, “எத்தன நிமிசம் டைம் கீப்பர்?” என்றபோது, சிலேட்டைப் பார்த்து “இருபத்தஞ்சு” என்றேன்.

“இருபத்தஞ்சா? எத்தன பேராம்?”

“ஒன்பது.”

சென்னிமலை விரலை மடக்கினான். அவனுக்கும் என் கணக்குத் தெரியும். “ஒம்போதுன்னா நாலுதானுங்களே உங்க கணக்குல? பதினொண்ணுதான வரோணும்?” என்றவன், திரும்பி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: “ஏனப்பா, இத்தன வருசமா ஆம்பள கண்டக்டரு சொன்னா பாதி. நாமெல்லாம் பொய் சொல்றவனுங்க. இந்தம்மா சொன்னா மட்டும் முழுசாமா! போன்ல அப்படி என்னதான் சொல்லுச்சுங்க? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்க, கேப்பம். பாரு பாரு, காதெல்லாம் செவந்துபோச்சு டைம் கீப்பருக்கு!”

ஸ்டாண்டே சிரித்தது.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். ஒரு பெண் பிள்ளையைக் கட்டிக் கொடுத்தவன். அந்தச் சிரிப்பில் என் சட்டை நனைந்துவிட்டது. ‘பதினெட்டு தடவை சரியாகச் சொன்னவள் அவள், நீங்கள் ஆட்டை எண்ணினவர்கள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நோட்டு கையில் இருந்தது. திறந்து காட்டினால் போதும். நான் சிலேட்டை எடுத்து, எச்சிலைத் தொட்டு, போட்டிருந்த கணக்கை மட்டும் அழித்தேன். “தப்பாப் பெருக்கிட்டேன்” என்றேன். “பதினொண்ணுதான்.”

நான் தப்பாகப் பெருக்கிவிட்டேனாம்.

எட்டு இருபத்தொன்றுக்கு அவன் வண்டியை எடுத்தான். அதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் நான் மலைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துவிடு, வந்துவிடு என்று. அது என் கணக்கில் சேராது.

இப்போது சொல்லுங்கள், எது தப்பு. நாலு என்று எழுதியது பயத்தில். அந்தத் தகப்பன் பெயரைக் கேட்டதும் வந்த பயம். அதைக்கூட ஒருவிதமாகச் சொல்லிவிடலாம், எல்லா ஆபீசிலும் நடக்கிறதுதான். ஆனால் எட்டுப் பத்துக்கு யார் என்னைப் பயமுறுத்தினார்கள்? அதைச் சொல்ல முடியாமல்தான் ஏழு தடவை மலைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அவள் என்னிடம் கேட்பாள் அல்லவா, ‘பதினெட்டு தடவை சரியாச் சொன்னேனே சார், பத்தொன்பதாவது ஏன் நம்பல?’ என்று. நம்பினேன் அம்மா, சிரித்தார்கள், விட்டுவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? எழுத்துப் பிழை என்றால் சொல்லிவிடலாம்.

அந்தப் பேனாவைக் கொடுங்கள். இப்போது திறக்கலாம். முதலில் உங்கள் தாள். ‘யாவும்’ என்பதை அடித்துவிட்டு ‘பதினோராயிரத்து முந்நூற்றுப் பதினைந்து வரிகளும்’ என்று எழுதுகிறேன். பக்கத்தில் சின்னக் கையெழுத்து. கீழே பெரிய கையெழுத்து. இந்தாருங்கள். வெள்ளிக்கிழமை சால்வையை வேறு யாருக்காவது போடுங்கள். புரோகிராமுக்கு ஊர்ப் பெயர் எதையாவது வைத்துவிடுங்கள்.

இனி என் கடிதம். ‘வேலைப் பளுவால் நேர்ந்த எழுத்துப் பிழை’யை அடித்துவிட்டேன். இதை இன்றைக்கே மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் பன்னிரண்டே காலுக்குப் பிரிவுக்கு வருகிற அவள் வண்டியில் அவளிடம் கொடுத்து, அவள் வாசிக்கிற வரைக்கும் நிற்க வேண்டும். வண்டியில் எத்தனை பேர் பார்த்தாலும். வேண்டாம், நீங்கள் காரில் கொண்டுபோய் விட வேண்டாம். நீங்கள் கூட வந்தால் உங்களைப் பேசவிட்டுவிட்டு நான் பின்னால் நின்றுவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

எழுதிவிட்டேன். வாசிக்கிறேன், சரியா பாருங்கள்.

‘தவமணி ஒன்பது என்று சரியாகச் சொன்னார். அதற்கு முன் அவர் சொன்ன பதினெட்டும் சரி என்று எனக்குத் தெரியும். அவரை நம்பி வண்டியை நிறுத்தியதற்கு என்னைக் கேலி செய்தார்கள் என்பதால், பதினான்கு நிமிஷம் முன்னதாக வண்டியை அனுப்பினேன். பிறகு நாலு என்று பொய் எழுதினேன். கேலி செய்து சிரித்தவர்கள்…’

ஸ்டாண்டே சிரித்தது என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா? அது சரியில்லை. டவுன் வண்டிக்குள் இருந்த நாற்பத்தாறு பேருக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவர்கள் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சென்னிமலை, அவன் கண்டக்டர், வெள்ளரிக்காய் விற்கிற அம்மாள். அப்போதே எண்ணினேன்.

மூன்று பேர். எண்ணிலும் எழுதுகிறேன், எழுத்திலும் எழுதுகிறேன். பிறகு யாரும் மாற்ற முடியாது.